கொடுத்த வலிமையும் கொண்ட வலிமையும்

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சொல்லொன்று வரும்பொழுது, அது தனித்து வருவதில்லை. தன்னைப் பெற்ற மக்களின் நோக்கையும், தன்னை ஆண்டவர்களின் கணக்கையும் மடியிற் கட்டிக்கொண்டே வருகின்றது. முன்பின் அறியாத ஒருவனை ‘நீ யார்? எங்கிருந்து வருகின்றாய்?’ என்று ஒரு வினாவும் வினவாமல் உள்ளே விட்டுவிடுகின்ற வீடு, நாளடைவில் அவன் வீடாகவே ஆகிவிடும். அவ்வாறு வினவப்பெறாமலே தமிழினுள் நுழைந்து, அரசாணைகளிலும் மேடைகளிலும் விளம்பரத் தட்டிகளிலும் கால்மேற் கால்போட்டு அமர்ந்திருக்கும் சொற்களுள் ஒன்று, ‘எம்பவர்டு’ என்னும் ஆங்கிலப் பெயரடை.

‘எம்பவர்டு’ மகளிர் என்கின்றனர். ‘எம்பவர்டு’ இளைஞர் என்கின்றனர். ‘எம்பவர்டு’ குழு என்கின்றனர். அதன் உடன்பிறப்பாகிய ‘எம்பவரிங்’ என்பதோ கல்விக்கும் வருகின்றது, கடனுக்கும் வருகின்றது, முகப்பூச்சுக்கும் வருகின்றது. இதற்குப் பொருள் என்னவென்று கேட்டால், ‘வலிமை பெற்ற’ என்று எளிதாகச் சொல்லிவிடுவர். யாரிடமிருந்து பெற்ற வலிமை? பெற்றது எது? பெற்றதை மீண்டும் பறிக்க யாருக்கேனும் உரிமை உண்டா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறாமலே வாழக் கற்றுக்கொண்ட சொல் அது. ஆகவே, அதன் தோலை உரித்து உள்ளே இருப்பதைக் காண்பது இன்றியமையாததாகின்றது.

சொல்லின் பிறப்பு

‘எம்பவர்’ என்னும் வினைக்கு அடிச்சொல் ‘பவர்’. இந்தப் ‘பவர்’ ஆங்கிலரின் வீட்டுச்சொல் அன்று. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே நெடுங்காலம் கோலோச்சியது. வென்றவர் வாயினின்று தோற்றவர் மொழிக்குள் இறங்கிய எண்ணற்ற சொற்களுள் ‘பவர்’ ஒன்று. அதன் வேர், ‘இயலுதல்’ என்னும் பொருளுடைய ‘போசே’ என்னும் இலத்தீன் வினை. ‘இயலும்’ என்பதைக் குறிக்கும் ‘பாசிபிள்’ என்பதும் அவ்வேரின் கிளையே. ஆங்கிலருக்கென்று ‘மைட்’ என்றொரு பழஞ்சொல் இருந்தது. அதுவும் இயலுதற் பொருளில் பிறந்ததே. ஆயினும் வென்றவன் சொல் அரியணை ஏறவே, வீட்டுச்சொல் திண்ணைக்கு வந்துவிட்டது. தங்கள் வலிமையைக் குறிக்கும் சொல்லைக்கூடத் தங்களை அடக்கியவனிடமிருந்தே ஒரு மக்கள் கடன்கொள்ள நேர்ந்ததென்றால், அடிமைத்தனம் எத்துணை ஆழமாக நாவிற் குடியேறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நிலை கண்டு நொந்த ஆங்கிலரும் இருந்தனர். தார்செட்டு நாட்டுப்புறப் பாவலராகிய வில்லியம் பார்ன்சு (1801–1886), ஆங்கிலம் தன் வேரினின்றே புதுச்சொற்களைப் படைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். 1878ஆம் ஆண்டில் அவர் எழுதிய இலக்கண நூலுக்கு, ‘கிராமர்’ என்னும் கிரேக்கவழிச் சொல்லை விலக்கிப் ‘பேச்சுக்கலை’ எனப் பொருள்படும் தூய ஆங்கிலப் பெயரையே சூட்டினார். தனித்தமிழ் என்றாலே நகைப்பவர்கள், தூய்மை வேட்கை தமிழர்க்கு மட்டும் வந்த நோய் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் போற்றும் ஆங்கிலத்தின் தாயகத்திலேயே அவ்வேட்கை எழுந்ததை அவர்கள் அறியார்.

‘பவர்’ என்னும் பெயரின் முன் ‘எம்’ என்னும் ஒட்டைச் சேர்த்து வினையாக்கியது 17ஆம் நூற்றாண்டு. அன்று அது வழக்கறிஞர் சொல். தமக்குரிய ஆணையுரிமையில் ஒரு கூற்றைப் பிறர் ஒருவர்க்கு எழுதிக் கொடுத்துத் தம் பொருட்டு அவரைச் செயற்பட விடுவதே அதன் பொருள். 1667இல் வெளிவந்த மில்டனின் ‘துறக்க இழப்பு’ என்னும் பெருங்காப்பியத்தின் பத்தாம் படலத்திலும் அச்சொல் அப்பொருளிலேயே வருகின்றது. சாத்தானின் மகளாக உருவகிக்கப்பெற்ற தீவினை, பாதாளத்தின்மேல் பாலம் கட்டும் வலிமையைத் தங்களுக்குத் தந்தவன் தந்தையே என்று அவனிடம் கூறுமிடத்தில் மில்டன் அதனை ஆண்டார். அமெரிக்க அரசியலமைப்பின் 1913ஆம் ஆண்டைய 17ஆம் திருத்தமும், மேலவையில் வெற்றிடம் நேருங்கால் இடைக்கால உறுப்பினரை அமர்த்தும் உரிமையை மாநிலச் சட்டமன்றம் ஆளுநர்க்குக் கொடுக்கலாம் என்பதை இவ்வினையாலேயே குறிக்கின்றது. இந்திய அரசியலமைப்பின் 32ஆம் உறுப்பிலும், உச்ச வழக்குமன்றத்திற்குரிய சில உரிமைகளை வேறு வழக்குமன்றங்களுக்கு நாடாளுமன்றம் வழங்குவதைப் பற்றிய இடத்தில் இதே வினைதான் நிற்கின்றது.

கொடுத்தவன் கை

இவ்வினையின் இறந்தகாலச் செயப்பாட்டு வடிவமே ‘எம்பவர்டு’ என்னும் பெயரடை. இதன் உட்பொருளைச் சொல்லுக்குச் சொல் கூறின், ‘ஒருவரால் வலிமை இடப்பட்ட’ என்பதாகும். அதில் மூவர் உளர்: கொடுத்தவர், கொடுக்கப்பட்ட வலிமை, கொண்டவர். பெயரடையாக நிற்கும்பொழுது கொடுத்தவர் மறைந்துவிடுகின்றார். கொண்டவர் மட்டுமே முன்னே நிறுத்தப்படுகின்றார். ஆனால், மறைந்தவர் மாண்டவர் அல்லர். கொடுத்த கை திரைக்குப் பின்னே நீட்டியபடியே இருக்கின்றது; வேண்டும்பொழுது அது தான் கொடுத்ததைத் திரும்பப் பற்றும்.

இதற்குத் தில்லியே சான்று. நடுவணரசில் ‘எம்பவர்டு’ அமைச்சர் குழுக்கள் என்று சில இருந்தன. அமைச்சரவையின் உரிமையைத் தாமே செலுத்தி முடிவெடுக்கும் ஆணை பெற்றவை அவை. 2014ஆம் ஆண்டு மே 26இல் புதிய ஆட்சி அமர்ந்தது. மே 31இல் அத்தகைய ஒன்பது குழுக்களும், பிற அமைச்சர் குழுக்கள் இருபத்தொன்றும் ஒரே அறிவிப்பால் கலைக்கப்பட்டன. அவற்றைக் கலைத்தது சரியா தவறா என்பது ஈண்டு வினாவன்று. வலிமை இடப்பட்டவர்களின் வலிமை, இட்டவர் விரும்பும் வரையில்தான் என்பதே ஈண்டுக் காணத்தக்கது. நாட்டின் பெரிய அமைச்சர்களின் குழுக்களுக்கே அந்நிலை என்றால், ‘எம்பவர்டு’ என்று பட்டம் சூட்டப்பெற்ற ஏழை எளியோரின் நிலை யாது?

இச்சொல்லின் செருமானிய இணை இன்னும் கடுமையான பாடம் கற்பிக்கின்றது. 1933ஆம் ஆண்டு மார்ச்சு 23இல், அந்நாட்டு நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் உரிமையை இட்லரின் அமைச்சரவைக்குக் கொடுத்தது. ஏற்றோர் 444 பேர்; மறுத்தோர் 94 பேர். பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர்கள் அவைக்கு வரவே விடப்படவில்லை. அச்சட்டத்திற்குச் செருமானியர் வழங்கும் பெயரைப் பிரித்துப் பார்த்தால், ‘வலிமையாக்கச் சட்டம்’ என்றே பொருள்படும். வலிமை யாருக்குக் கொடுக்கப்படுகின்றது, யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகின்றது என்று கேளாமல், ‘வலிமையாக்கம்’ என்ற சொல் கேட்டவுடனே கைதட்டுவோர் இந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

‘பவர்’ தேய்ந்து ‘எம்பவர்’ ஆன கதை

வழக்கறிஞர் ஏட்டிலிருந்த சொல் மக்கள் மேடைக்கு வந்தது எவ்வாறு? அதனை அறிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை நோக்க வேண்டும்.

அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி வந்து, தம் இனத்தின் பெரும் பேச்சாளராக உயர்ந்தவர் பிரெடரிக்கு தக்ளசு. ஆளும் வலிமை, கேட்டுப் போராடாத எவருக்கும் எதனையும் விட்டுக்கொடுத்ததில்லை என்னும் உண்மையை 1857ஆம் ஆண்டிலேயே அவர் மேடையில் முழங்கினார். 1870இல் 15ஆம் திருத்தம் நிறவேறுபாடின்றி வாக்குரிமையை உறுதி செய்தது. சட்டப்படி அம்மக்கள் ‘எம்பவர்டு’ ஆயினர். ஆனால் 1890இல் மிசிசிப்பி மாநிலம் புதிய அரசியலமைப்பொன்றை வகுத்துக்கொண்டு, தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்து, அவ்வாக்குரிமையைப் பெரும்பாலார்க்கு இல்லாமலே ஆக்கிற்று. தென்மாநிலங்கள் பிறவும் அவ்வழியே சென்றன. ஏட்டில் உரிமை இருந்தது, வாக்குச்சாவடியில் இல்லை. எழுபத்தைந்தாண்டுக் காலம் அடியும் சிறையும் சாவும் கண்டு அம்மக்கள் எழுந்த பின்னரே, 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் உயிர்நாடியான ஓர் ஏற்பாடு, பழிகாரப் பகுதிகள் தம் தேர்தல் நெறிகளை மாற்றுமுன் நடுவணரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது. அது எப்பகுதிகளுக்குப் பொருந்தும் என்பதை வரையறுத்த உறுப்பை, 2013 சூன் 25இல் அந்நாட்டு உச்ச வழக்குமன்றம் வெட்டி எறிந்தது. கொடுத்த சட்டம் இருந்தது. அதன் பல் பிடுங்கப்பட்டுவிட்டது.

இந்நெடும் பட்டறிவால்தான், 1966 சூன் திங்களில் மிசிசிப்பியின் கிரீன்வுட்டு ஊரில் சுடோக்லி கார்மைக்கேல் என்னும் இளைஞர் மக்கள் நடுவே நின்று ‘பிளாக் பவர்’ என்று முழங்கினார். அவர் ‘பவர்’ என்றார், ‘எம்பவர்’ என்னவில்லை. தா என்ற இரப்பு அதில் இல்லை. எமக்குரியது என்ற உரிமைக்குரல் இருந்தது. அம்முழக்கம் ஆள்வோரை நடுங்கச் செய்தது. இதழ்கள் அதனை வன்முறை என்று தூற்றின. பத்தாண்டு கழிந்து, 1976இல், பார்பரா சாலமன் என்னும் கறுப்பினப் பேராசிரியர் குமுகத் தொண்டர்களுக்கென எழுதிய நூலின் தலைப்பில் ‘பிளாக் எம்பவர்மெண்ட்’ என்னும் தொடர் இடம்பெற்றது. அது தீய நூலன்று. ஒடுக்குண்ட மக்கள் தம் வலிமையின்மையைத் தாமே உடைக்கத் தொண்டர்கள் துணைநிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கு. ஆயினும் சொல்லின் இலக்கணம் நூலாசிரியரின் நோக்கத்தைவிட வலியது. ‘வலிமை’ என்னும் பெயர் ‘வலிமையாக்கம்’ என்னும் வினைப்பெயராக மாறியவுடனே, ஆக்குபவர் ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடத்தை நிரப்ப அரசுகளும் அறக்கட்டளைகளும் வணிகர்களும் விரைந்து வந்தனர்.

விற்பனைக்கு வந்த வலிமை

1980களுக்குப் பின் முதலாளிகள் இச்சொல்லைக் கைக்கொண்டனர். கூலி உயரவில்லை; தொழிற்சங்கம் வலுக்கவில்லை; ஆயினும் தொழிலாளி ‘எம்பவர்டு’ ஆனார். தம் மேசைமேல் வரும் சிறு சிக்கலைத் தாமே தீர்த்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குக் கிடைத்த வலிமை. சிக்கல் முற்றினால் பழியும் அவருக்கே. ஆதாயத்தைப் பங்கிடுவது எப்படி, ஆலையை மூடுவதா திறப்பதா என்னும் முடிவுகளோ முன்போலவே மேல்மாடியில் இருந்தன.

பின்னர் உலக அவைகள் வந்தன. 1995இல் பெய்சிங்கில் கூடிய நான்காம் உலகப் பெண்கள் மாநாடு, தன் செயற்றிட்டத்தையே மகளிர் ‘எம்பவர்மெண்ட்’டுக்கான நிரல் என்று அறிவித்தது. உலக வங்கியின் 2000/2001ஆம் ஆண்டறிக்கை, வறுமையை ஒழிக்கும் மூன்று தூண்களுள் ஒன்றாக அதனை நிறுத்தியது. மக்கள் ஆள்வோரை நோக்கி எறிந்த சொல், ஆள்வோர் மக்களுக்கு வழங்கும் திட்டத்தின் பெயராகிவிட்டது. இம்மாற்றத்தைப் பிறர் மட்டுமன்றி, அச்சொல்லை நம்பி அதற்காக உழைத்தவர்களே கண்டு வருந்தினர். தென்னாசியப் பெண்களிடையே அக்கருத்தை விளக்கி 1990களில் எழுதிய சிரீலதா பாட்லிவாலா, 2007இல் ஒரு கட்டுரை வரைந்தார். ‘எம்பவர்மெண்ட்டிலிருந்து பவரை எடுத்துவிடுதல்’ என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டார். நோயின் பெயரை அத்தலைப்பே கூறிவிடுகின்றது.

இறுதியாக விளம்பரக்காரர் வந்தனர். அவர் கையில் ‘எம்பவரிங்’ என்பது ஓர் உணர்வின் பெயராக இளைத்துவிட்டது. பூசினால் வலிமை, உடுத்தால் வலிமை, தவணையில் வாங்கினால் வலிமை! பொருளை வாங்கியவளின் கூலியும் மாறவில்லை. வீட்டில் அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் மாறவில்லை. மாறியது வணிகனின் பெட்டி ஒன்றே.

தமிழில் பட்ட பாடு

இவ்வாறு மூன்று படிகளில் இறங்கி இளைத்த சொல்லைத் தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் எப்படிக் கொண்டனர்? நடுவணரசின் நலத்துறை 1998இல் பெயர் மாறியபொழுது, அப்பெயர் தமிழில் ‘சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம்’ என்று வடிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு மகளிர் ‘எம்பவர்மெண்ட்’ ஆண்டாக அறிவிக்கப்பட்டபொழுதும் அதே ‘அதிகாரமளித்தல்’தான். இத்தொடரில் சமூகமும் நீதியும் அதிகாரமும் வடசொற்கள். தமிழாக நிற்கும் வினை ‘அளித்தல்’ ஒன்றே. அந்த ஒரு தமிழ்வினைதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கின்றது. அளித்தல் என்பது மேலிருப்பவர் கீழிருப்பவர்க்கு அருளால் வழங்குதல். திருவள்ளுவர் அளி என்னும் பண்பை வேந்தனுக்கு உரியனவற்றுள் ஒன்றாகவே வைத்தார். ஆகவே ‘அதிகாரமளித்தல்’ என்று எழுதும் கை, தான் அறியாமலே, மக்களைக் குடிகளாகவும் அரசை வேந்தாகவும் அமர்த்திவிடுகின்றது.

அதனைப் பெயரடையாக்கி, ‘அதிகாரமளிக்கப்பட்ட மகளிர்’ என்று எழுதும்பொழுது கேடு இரட்டிக்கின்றது. தமிழில் செயப்பாட்டு வினைக்குத் துணைநிற்கும் ‘படு’ என்பது, துன்பம் நுகர்தலைக் குறிக்கும் ‘படுதல்’ என்பதன் அடியே. அடிபட்டான், அல்லற்பட்டான், சிறைப்பட்டான் என்று கேட்டுப் பழகிய தமிழ்ச்செவியில், ‘அளிக்கப்பட்டாள்’ என்பது யாரோ அவளுக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்றே ஒலிக்கும். வினை முழுதும் பிறர் கையில். அவளுக்கென்று ஒரு வினையும் இல்லை.

ஈழத்து அரசு ஏடுகள் ‘வலுவூட்டல்’ என்கின்றன. வலு என்னும் தமிழ்ச்சொல்லை எடுத்தமைக்காக அதனைப் பாராட்டலாம். ஆனால் ஊட்டல் என்பதோ உண்ணல் என்பதன் பிறவினை. தன் கையால் உண்ண இயலாத மழலைக்கும் நோயாளிக்குமே ஊட்ட வேண்டும். உழைத்துத் தேய்ந்த கைகளையுடைய மக்களுக்கு ஊட்டுவதற்கு எவரும் வேண்டா. அவர் உண்ணும் கலத்தைத் தட்டிப் பறிக்காமல் இருந்தாலே போதும்.

தமிழர் மட்டுமே இதில் இடறவில்லை. பிரெஞ்சுக்காரர்க்கும் இச்சொல் தொண்டையில் சிக்கிய முள்ளே. சிலர் ‘தற்சார்பாக்கம்’ எனப் பொருள்படும் சொல்லைக் கொண்டனர். கியூபெக்கில் சிலர் ‘செயற்படும் வலிமை’ எனப் பொருள்படும் தொடரை ஆண்டனர். அவர்கள் சொல்லை விழுங்குமுன் மென்று பார்த்தனர். இங்கோ மெல்லாமலே விழுங்கிவிட்டு, வயிற்றுவலிக்கு மருந்தும் ஆங்கிலத்திலேயே தேடுகின்றனர்.

சட்டம் கொடுத்தது, ஊர் மறுத்தது

இவ்வளவும் வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ள முடியாது. சொல்லின் பொய்ம்மை உயிரைக் குடித்த இடம் தமிழ்நாட்டிலேயே உண்டு.

இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்பிரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் பட்டியலினத்தார்க்கும் மகளிர்க்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதனை ஒட்டித் தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் தேர்தல் நடந்தது. ஏட்டின்படி, அடித்தட்டு மக்கள் ‘எம்பவர்டு’ ஆகிவிட்டனர். மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவராக முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 சூன் 30இல், அவர் சென்ற பேருந்தை வழிமறித்து, அவரையும் அவருடன் வந்தோரையும் சாதிவெறியர் வெட்டிக் கொன்றனர். சட்டம் அவருக்கு நாற்காலியைக் கொடுத்தது. அந்நாற்காலியில் அவர் உயிரோடு அமரும் வலிமையை அவருக்கு யார் கொடுத்தார்? அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், ஒதுக்கப்பட்ட தலைவர் பொறுப்புக்கு முறையான தேர்தலை நடத்தவே ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. 2006இல்தான் அது கைகூடியது. அப்பத்தாண்டும் ஏட்டில் அம்மக்கள் ‘அதிகாரமளிக்கப்பட்டவர்’களே!

தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்தவர் நிலையும் முழு விடுதலை அன்று. மேற்சொன்ன 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, மக்கள் தேர்ந்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் வழியாக நீக்கும் முறையை வகுத்துள்ளது. 2016இல் மகளிர்க்கான ஒதுக்கீடு சரிபாதியாக உயர்த்தப்பட்டது. மேடைதோறும் வெற்றிமுரசு கொட்டினர். அதே ஆண்டு அட்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குச் சென்றன. 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது 2019 திசம்பரில்தான். எஞ்சிய மாவட்டங்கள் 2021 வரை காத்திருந்தன. அந்த 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 சனவரியில் முடிந்தபொழுதும், மீண்டும் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். பாதி இடம் மகளிர்க்கு என்று எழுதிய கையே, எல்லா இடத்தையும் அலுவலர்க்கு என்றும் எழுத முடிகின்றது. எனின், அது மகளிர் பெற்ற வலிமையா? மகளிர்க்கு இரவலாகத் தரப்பட்ட நாற்காலியா?

ஒதுக்கீடு வேண்டா என்பது இதன் கருத்தன்று. ஒதுக்கீடு உரிமை; அதனைக் குறைக்க முயல்வார் மக்கட்பகைவர். அவ்வுரிமையைக் கொடை என்று பெயரிட்டு அழைப்பதே பிழை. கொடை என்று எழுதினால், கொடுத்தவன் திரும்பக் கேட்கும்பொழுது வாய்மூடி நிற்க நேரும். உரிமை என்று எழுதினால், பறிக்க வருபவனைத் திருடன் என்று சுட்ட முடியும். ஒரு சொல்லின் வேறுபாடு இத்துணைப் பெரிது.

வலுத்தல் என்னும் வினை

கொடுக்கப்படாமலே கொண்ட வலிமைக்கும் சான்றுண்டு. 1992இல் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்னும் சிற்றூரில், எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், சாராயக் கேட்டைப் பற்றிய பாடத்தைப் படித்துத் தம் வாழ்வையே அதில் கண்டனர். கூடினர், பேசினர், கடையை மூடச் செய்தனர். ஊர் ஊராகத் தீ பரவியது. 1993இல் அம்மாநில அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. அப்பெண்களுக்கு யாரும் ‘அதிகாரமளிக்க’வில்லை. ஏலம் எடுத்தவனும் காவலனும் கணவனும் எதிர்க்க எதிர்க்க, அவர்கள் வலுத்தனர். 1997இல் அரசு மதுவிலக்கைத் தளர்த்திவிட்டது என்பதும் உண்மையே. சட்டம் அரசின் கையில் இருந்தது. அதனால் அது மாறியது. ‘நாம் கூடினால் கடை மூடும்’ என்னும் பட்டறிவோ பெண்களின் நெஞ்சில் இருந்தது. அதனைத் திரும்பப் பெறுவதற்கு அரசாணை இல்லை.

தமிழ்நாட்டிலும் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பல்லாயிரம் பெண்களை வீட்டு வாயிலுக்கு வெளியே கொணர்ந்தன. அக்குழுக்களில் அவர்கள் பெற்ற பயன் கடன்தொகை மட்டுமன்று. கூடி அமர்ந்ததும், கையொப்பமிடக் கற்றதும், வைப்பகத்தில் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டதுமே உண்மைப் பயன். அவற்றைச் செய்தவர்கள் அவர்களே. கடன் தந்தவன் தன் ஏட்டில் ‘இத்தனை பெண்களை வலிமையாக்கினேன்’ என்று கணக்கெழுதிக்கொள்வது, நெல்லை விளைத்தவனை விட்டுவிட்டு அளந்தவனுக்கு மாலையிடுவதற்கு ஒப்பாகும்.

இந்த ‘வலுத்தல்’ என்னும் வினையைத்தான் தமிழ் காலங்காலமாகக் காத்து வைத்திருக்கின்றது. திருந்தினான் என்பது தன்வினை. திருத்தினான் என்பது பிறவினை. எழுந்தான் என்பது தன்வினை. எழுப்பினான் என்பது பிறவினை. செய்பவன் தானே மாறுவதற்கும், பிறனை மாற்றுவதற்கும் தமிழ் வெவ்வேறு வடிவம் வைத்துள்ளது. ‘மழை வலுத்தது’ என்று பட்டிக்காட்டுச் சிறுவனும் கூறுகின்றான். அம்மழையை வலுவாக்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. வலிமை மழையின் உள்ளிருந்தே வந்தது என்பதை அவ்வினையே உணர்த்திவிடுகின்றது. இலத்தீனின் ‘போசே’ போலவே, தமிழின் ‘வல்’ என்னும் வேரும் இயலுதலையும் வலிமையையும் ஒருங்கே குறிக்கும். வல்லமை, வல்லவன், வல்லுநர், வலு, வலிமை என்று அதன் கிளைகள் எத்தனை! இத்துணைச் செல்வத்தை வைத்துக்கொண்டு ‘எம்பவர்டு’ என்று இரவல் கேட்பது, களஞ்சியத்தின்மேல் அமர்ந்து பிச்சையெடுப்பதாகும்.

எனவே, இச்சொல் வருமிடங்களைப் பிரித்தறிந்து எழுதுதல் வேண்டும். சட்டத்தால் ஒருவர்க்கு ஓர் உரிமை ஒப்படைக்கப்பட்ட இடத்தில், ‘ஆணையுரிமை பெற்ற குழு’, ‘உரிமை ஒப்படைக்கப்பட்ட அலுவலர்’ என்று எழுதுக. அங்கே கொடுத்தவர் இன்னார் என்பதையும் உடன் எழுதுக. மக்கள் தம் முயற்சியால் உயர்ந்த இடத்தில், ‘வலுத்த மகளிர்’, ‘வல்லமை கொண்ட மக்கள்’, ‘தலைநிமிர்ந்த உழவர்’ என்று தன்வினையால் எழுதுக. துறைக்கும் திட்டத்திற்கும் பெயர் வேண்டின், ‘மகளிர் வல்லமைத் துறை’, ‘மக்கள் உரிமைத் துறை’ என்னலாம். வணிகன் தன் பண்டத்துக்கு ‘எம்பவரிங்’ என்று அடைகொடுத்தால், தமிழில் ‘கவர்ச்சியான’ என்பதே அதற்கு நேர்மையான மொழிபெயர்ப்பு.

‘சொல்லில் என்ன இருக்கின்றது? செயலைப் பாருங்கள்’ என்று கூறுவோர் உளர். சொல்லில் ஒன்றும் இல்லையென்றால், அரசுகள் ஏன் துறைகளின் பெயரை மாற்றுகின்றன? நலத்துறை என்ற பெயர் போதாதென்று ஏன் ‘அதிகாரமளித்தல்’ வந்தது? முதலாளி ஏன் கூலியுயர்வு என்னும் சொல்லை அஞ்சி, ‘எம்பவர்’ என்னும் சொல்லை விரும்புகின்றான்? ஆள்வோர் சொல்லின் வலிமையை அறிந்திருக்கின்றனர், ஆளப்படுவோர்தாம் அறிந்திலர். அறிந்துகொண்ட நாளில், மேடையேறி ‘உங்களுக்கு வலிமை கொடுத்தோம்’ என்று கூறுபவனை நோக்கி அவர்கள் முதலில் கேட்கும் வினா, ‘எங்கள் வலிமை இதுவரை உன்னிடம் எப்படி வந்தது?’ என்பதாகவே இருக்கும்.

தமிழ் மக்களே! பெயருக்கு முன் வரும் அடைமொழி சிறியது. ஆயின் மூக்கணாங்கயிறும் சிறியதே. கொடுக்கப்பட்டது திரும்பப் பெறப்படும். ஊட்டப்பட்டது நிறுத்தப்படும். தாமே கொண்டதைத் தாமே விட்டாலன்றிப் பிறர் பறித்தல் அரிது. ஆகவே ‘அளிக்கப்பட்டோம்’ என்று பாடுவதை விடுங்கள். வலுத்தோம் என்று சொல்லுங்கள். சொல்லியபடி வலுத்தும் காட்டுங்கள்.